மாத்திரை அதேதான், வைரஸ் ஏன் கூடியது?

கேள்வி: எனக்கு 52 வயது, சிங்கப்பூரில் ஈசூனில் வசிக்கிறேன். ஹெபடைடிஸ் பி இருப்பது ஊரில் இருந்தபோதே தெரியும். 2006 முதல் ஐந்து வருடம் அதற்கான லாமிவுடின் மாத்திரை சாப்பிட்டேன். இங்கே வந்தபின் என்டெகாவிர். வெகுநாள் வைரஸ் தெரியாத அளவில் இருந்தது; கடைசி இரண்டு சோதனைகளிலும் கூடியிருக்கிறது. என்னோடு வேலை பார்க்கும் சீன நண்பருக்கும் இதே மாத்திரைதான், அவருக்கு நன்றாகக் கேட்கிறது. இந்தியர்களுக்கு வரும் வைரஸ் வேறு வகை என்கிறார்களே, அதனாலா? கீழாநெல்லிச் சாறு குடிக்கலாமா?

பதில்: வகை வேறாக இருக்கலாம், உண்மைதான். ஹெபடைடிஸ் பி வைரஸுக்குள்ளேயே பல மரபணு வகைகள் உண்டு. சீனர்களிடம் பெரும்பாலும் பி, சி வகைகள் (ஹெபடைடிஸ் சி நோய் வேறு). இந்தியர்களிடம் டி, ஏ வகைகள். ஆனால் இந்த வேறுபாடு, இந்த வைரஸுக்குப் போடும் இன்டர்ஃபெரான் ஊசிக்குத்தான் முக்கியம். ஏ வகை அதற்கு நன்றாகக் கேட்கும், டி வகை அவ்வளவாகக் கேட்காது. மாத்திரைகள் எல்லா வகைகளிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வேலை செய்கின்றன. அதனால் நண்பரோடு ஒப்பிடுவதை விட்டுவிடுங்கள்.

எனக்கு உறுத்துவது அந்த ஐந்து வருட லாமிவுடின்.

இந்த வைரஸ் தன்னைப் பெருக்கிக்கொள்ள பாலிமரேஸ் என்ற புரதத்தை நம்பியிருக்கிறது. ஏடு பார்த்துப் படியெடுப்பவர் எழுதியதைத் திரும்பப் படிக்காமல் போவது போல, அதற்குப் பிழை திருத்தத் தெரியாது. தினமும் கோடிக்கணக்கில் பிரதிகள், அவற்றில் ஏராளமான பிழைகள். அந்தப் புரதத்தின் 204ஆம் இடத்தில் ஒரு அமினோ அமிலம் மாறினாலே போதும், லாமிவுடின் பலிக்காது. அதை ஐந்து வருடம் சாப்பிட்டவர்களில் சுமார் 70 சதவீதம் பேரிடம் இப்படி எதிர்ப்பு உருவானது. மருந்தை நிறுத்தினாலும் மாறிய வைரஸ் கல்லீரல் செல்களின் உட்கருவில் தங்கிவிடும்.

என்டெகாவிரை எதிர்க்க 204ஓடு இன்னும் ஓரிரு மாற்றங்கள் வேண்டும். புதிதாக மருந்து தொடங்கியவரிடம் ஐந்து வருடத்தில் அது நடப்பது 1 சதவீதம் அளவில்தான். லாமிவுடினுக்கு எதிர்ப்பு வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நடந்திருக்கிறது. பழைய மருந்துச் சீட்டு இருந்தால் உங்கள் மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள். பலர் இதைச் சொல்வதே இல்லை.

அதற்கு முன் ஒரு கேள்வி: மாத்திரை விட்டுப்போகிறதா? வைரஸ் கூடுவதற்கு நான் அதிகம் பார்க்கும் காரணம் அதுதான். என்டெகாவிரை வெறும் வயிற்றில், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எடுக்க வேண்டும். அடுத்த சாப்பாட்டுக்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். காலைத் தேநீரோடும் ரொட்டி பரோட்டாவோடும் போட்டுக்கொண்டால் மருந்து உடம்பில் சேர்வது குறையும். இதெல்லாம் சரியாக இருந்தும் கூடினால் மருந்தெதிர்ப்புப் பரிசோதனை கேளுங்கள். எதிர்ப்பு இருந்தால் பெரும்பாலும் டெனோஃபோவிருக்கு மாற்றுவார்கள். லாமிவுடின் எதிர்ப்பு வைரஸையும் அது நன்றாக அடக்கும். சிறுநீரகத்தை மட்டும் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.

கீழாநெல்லி? 1988இல் சென்னை ஆய்வு ஒன்று பெரிய நம்பிக்கை தந்தது. பிற நாடுகளில் செய்த சோதனைகளில் அது உறுதியாகவில்லை. மாத்திரைக்குப் பதிலாக வேண்டவே வேண்டாம். நீங்களாக மாத்திரையை நிறுத்தினால் வைரஸ் பொங்கி கல்லீரல் செயலிழக்கவும் கூடும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை கல்லீரல் ஸ்கேன் எடுக்கிறீர்களா என்று எழுதவில்லை. எடுக்காவிட்டால் அடுத்த சந்திப்பிலேயே கேளுங்கள். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ரத்தம் பார்த்து, தேவைப்பட்டால் தடுப்பூசி போட்டுவிடுங்கள்.