புல்லைக் கொல்லும் மருந்தால் கடலையில் எண்ணெய் குறையுமா?

கேள்வி: நிலக்கடலை விதைத்த 22-ஆம் நாள் புல் களைக்காகக் குயிசலோஃபாப் ஈத்தைல் தெளித்தேன். செடிக்குள் கொழுப்பு உருவாவதைத் தடுத்தே அது புல்லைக் கொல்கிறது என்கிறார் கடைக்காரர். அப்படியானால் பருப்பில் எண்ணெய் குறையாதா?
(விவசாயி, விழுப்புரம் மாவட்டம்)

பதில்: கடைக்காரர் சொன்னது சரியே. ஆயினும் பரிந்துரைத்த அளவில் தெளித்திருந்தால் தங்கள் கடலையின் எண்ணெய் குறையாது.

எண்ணெய் வித்தாக இருந்தாலும் புல்லாக இருந்தாலும், புதிய செல்களின் சவ்வுகளைக் கட்டுவதற்குக் கொழுப்பு அமிலம் வேண்டும். அது செல்லுக்குள் இருக்கும் கணிகங்களில் உருவாகிறது. இலை தயாரித்த சர்க்கரை சிதைந்து, இரண்டு கார்பன் கொண்ட அசிட்டைல் கோ-ஏ ஆகிறது. அசிட்டைல் கோ-ஏ கார்பாக்சிலேஸ் என்னும் நொதி அதனை மலோனைல் கோ-ஏ ஆக மாற்றுகிறது. அதிலிருந்து ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு கார்பன்கள் சேர, சங்கிலி 16 அல்லது 18 கார்பன் வரை நீள்கிறது. பின்னர் கணிகத்தை விட்டு வெளியேறும் அமிலங்கள், மூன்று மூன்றாகக் கிளிசராலுடன் இணைந்து, விதையில் எண்ணெய்த் துளிகளாகச் சேமிக்கப்படுகின்றன.

தாங்கள் தெளித்த மருந்து முடக்குவது மேற்சொன்ன கார்பாக்சிலேஸ் நொதியைத்தான். புல் குடும்பப் பயிர்களின் கணிகத்தில் அந்நொதி ஒரே பெரிய புரதமாக இருப்பதால் மருந்து அதில் பற்றிக்கொள்கிறது. நிலக்கடலையின் கணிகத்திலோ அது பல துணைப் புரதங்கள் சேர்ந்த, பாக்டீரியாவின் நொதியை ஒத்த வேறு அமைப்பு என்பதால் பற்றுவதில்லை. புதிய சவ்வு மிகுதியாகத் தேவைப்படும் இடம் குருத்து என்பதால், புல்லில் முதலில் அழுகுவதும் குருத்தின் அடிப்பகுதியே. சில நாள்கள் கழித்து இழுத்துப் பார்த்தால் அது எளிதாகக் கையோடு வந்துவிடும். கோரையும் அகன்ற இலைக் களைகளும் இம்மருந்துக்குச் சாவதில்லை. அவற்றைக் கைக்களையாகத்தான் எடுக்க வேண்டும்.

தாங்கள் கவலைப்பட வேண்டியது பக்கத்து வயலைப் பற்றித்தான். அங்கே நெல், கம்பு, மக்காச்சோளம் எது இருந்தாலும் அதுவும் புல் குடும்பமே. காற்றில் மருந்துச் சாரல் போனால் அதன் குருத்தும் கருகும்.

எண்ணெய் பிடிப்பது, பூவிலிருந்து விழுது மண்ணுக்குள் இறங்கிப் பருப்பு முற்றும் காலத்தில்தான். அப்போது டிக்கா இலைப்புள்ளி நோயில் இலை உதிர்ந்தாலோ தண்ணீர் தட்டினாலோ, பருப்புக்குச் செல்லும் சர்க்கரை குறைந்து எண்ணெயும் குறையும். ஆகவே இலையைக் காப்பாற்றுங்கள்; 40 முதல் 45 நாளுக்குள் ஜிப்சம் இட்டு மண் அணையுங்கள்.