ஹம்பியில் ஊர் சுற்ற ஆட்டோவா, ஸ்கூட்டரா, சைக்கிளா?

பாதி ஊருக்கு வண்டி, மீதிக்குக் கால். எந்த வண்டி நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள், ஆனால் ஹம்பியில் ஒரே வண்டியை நம்பி இறங்கினால் நல்ல இடங்கள் விட்டுப்போகும்.

யுனெஸ்கோ 1986இல் உலகப் பாரம்பரியச் சின்னங்கள் பட்டியலில் சேர்த்த பகுதி மட்டுமே 41 சதுர கிலோமீட்டருக்கு மேல். ஹோஸ்பேட் ஸ்டேஷனிலிருந்து 13 கிலோமீட்டர், பஸ்ஸும் ஆட்டோவும் தாராளமாக உண்டு, அதற்குப் பெரிய யோசனை வேண்டாம்.

விருபாக்ஷர் கோயில், ஹேமகூட மலை, கடலேகாளு பிள்ளையார் எல்லாம் பக்கம் பக்கம், நடந்தே பார்க்கலாம். அப்புறம் விட்டலர் கோயில். 50 ரூபாய் நோட்டில் இருக்கும் கல் தேர் இங்கேதான். ஆட்டோவில் ஏறினால் கமலாபுரம் வழியாகச் சுற்றிக்கொண்டு போய் கெஜ்ஜல மண்டபம் பக்கம் இறக்கிவிடுவார்கள், அங்கிருந்து கோயில் வரை போகும் பேட்டரி வண்டிக்கு வரிசை. இதற்குப் பதிலாக, விருபாக்ஷர் கோயில் எதிரே நீளும் பஜார் தெருவின் கோடியில் ஒரு பெரிய நந்தி இருக்கிறதே, அங்கிருந்து துங்கபத்ரை ஓரமாகவே விட்டலர் கோயிலுக்கு ஒரு பாதை போகிறது, சுமார் 2 கிலோமீட்டர்தான். வழியில் கோதண்டராமர் கோயில், அச்யுதராயர் கோயிலின் பழைய கடைத்தெரு, துலாபார வளைவு. நான் ஹம்பியில் ஒன்றே ஒன்றுதான் பார்க்கலாம் என்றால் கல் தேரை விட்டுவிட்டு இந்தப் பாதையில்தான் நடப்பேன். காலையில் சீக்கிரம் கிளம்புங்கள், வெயில் ஏறினால் அந்தப் பாறைகள் தோசைக்கல் மாதிரி காயும்.

தாமரை மஹால், யானைக் கொட்டாரம், மகாநவமி மேடை, ஹசார ராமர் கோயில் இருக்கும் அரண்மனைப் பகுதிதான் வண்டிக்கான இடம். மேடு பள்ளம் அதிகமில்லை, சைக்கிள் போதும், ஏப்ரல் மே மாதம் என்றால் ஆட்டோ பேசிக்கொள்ளுங்கள், எந்தெந்த இடம் என்பதை ஏறுவதற்கு முன்பே சொல்லிப் பேசுவது நல்லது. விட்டலர் கோயிலுக்கும் தாமரை மஹால் வளாகத்துக்கும் ஒரே டிக்கெட், ஆனால் அதே நாளுக்குத்தான் செல்லும். அதனால் இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனேகுந்தி என்ற ஊர் துங்கபத்ரைக்கு அக்கரையில். அதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்கி, அந்தப் பக்கம் மட்டும் ஸ்கூட்டர் எடுங்கள். வயலும் பாறையுமாக ரோடு ஜாலியாக இருக்கும், அஞ்சனாத்ரி மலைக்கு 500 படிகளுக்கு மேல் ஏறவேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள். படகில் கடக்கிறீர்கள் என்றால் திரும்பும் நேரத்தைப் படகுக்காரரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள், சாயங்காலம் நிறுத்திவிடுவார்கள். மழைக்காலத்தில் அணையிலிருந்து தண்ணீர் அதிகம் திறந்தால் படகே ஓடாது, பாலம் வழியாக ரோட்டில் நீண்ட சுற்றுதான்.