ஏழு நிமிடம், மூன்று பந்து – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். கால்பந்து பற்றி நீங்கள் அவ்வப்போது எழுதும் குறிப்புகளை விடாமல் வாசிக்கிறவன் நான். போன மாதம் எழுதியதில் 'பந்தைப் பறிகொடுக்காத விங்கரை நான் நம்பமாட்டேன்' என்று ஒரு வரி இருந்தது. அது மனதிலேயே நின்றுவிட்டதால் இதை எழுதுகிறேன்.

என் அக்கா மகனுக்கு 18 வயது. வலதுபக்க விங்கர், அதாவது மைதானத்தின் வலது ஓரமாகப் பந்தை முன்னே கொண்டுபோகிறவன், ஆனால் இடதுகால்காரன். சிறுவர் ஆட்டங்களில் அவனிடம் பந்து போனாலே எதிரணிப் பயிற்சியாளர் எழுந்து நின்றுவிடுவார். போன வருடம் முதல் தொழில்முறை ஒப்பந்தம் கையெழுத்தானது. வீட்டில் ஒரே கொண்டாட்டம். அதற்குப் பிறகு நடப்பதுதான் எங்களுக்குப் பிடிபடவில்லை. பாதி ஆட்டங்களில் பட்டியலிலேயே பெயர் இல்லை. இருந்தாலும் பெஞ்சுதான். பயிற்சியில் அவனை ஃபுல்பேக்காக, அதாவது பின்வரிசையின் ஓரத்தில் தடுக்கிறவனாக, நிறுத்துகிறார்களாம். 'பின்னால் ஓடி வா' என்பதைத் தவிர பயிற்சியாளர் தன்னிடம் வேறெதுவும் பேசுவதில்லை என்கிறான்.

சென்ற வாரம் கடைசி ஏழு நிமிடத்துக்கு இறக்கினார்கள். நானும் அக்காவும் போயிருந்தோம். மூன்று முறை பந்து வந்தது. முதல் இரண்டையும் வெட்டி எடுத்துப் போகப் பார்த்துப் பறிகொடுத்தான். மூன்றாவது முறை முயலக்கூட இல்லை, பின்னால் நின்றவனுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டான். பறிகொடுத்ததைவிட அதுதான் எனக்கு வலித்தது. அவன் அப்படி ஆடுகிறவனே இல்லை. பயந்துவிட்டானா? லோனில், அதாவது தற்காலிகமாக, வேறு கிளப்புக்குப் போகச் சொல்லலாமா? அக்கா தினமும் கேட்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு தாய்மாமன்

*

அன்புள்ள தாய்மாமனுக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்தது அந்த எண்ணிக்கை. வேறு யாராவது என்றால் 'சரியாக ஆடவில்லை' என்று எழுதியிருப்பார்கள். நீங்கள் எண்ணியிருக்கிறீர்கள். அதனால் அந்த மூன்று பந்துகளைப் பற்றியே பேசுவோம்.

முதல் இரண்டு. சிறுவர் ஆட்டத்தில் விங்கரை மறிக்க வருகிறவன் அவசரக்காரன். பந்தைப் பறித்தே ஆகவேண்டும் என்று காலை நீட்டுவான். நீட்டிய காலைத் தாண்டிப் பந்தைத் தள்ளிவிட்டு ஓடினால் வேலை முடிந்தது, வேகம் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். பெரியவர்களின் ஆட்டத்துக்கு வந்ததும் முதலில் காணாமல் போவது அந்த நீட்டிய கால்தான். பத்து வருடம் அந்த ஓரத்திலேயே நின்று பழகிய ஃபுல்பேக் பறிக்க வரமாட்டான். ஒரு கை நீளம் இடைவெளி விட்டு, உடம்பைப் பாதி திருப்பி, முழங்காலைத் தளர்த்தி நிற்பான். பையனின் தோள் ஆடும், இடுப்பு ஆடும், கால் பந்தைச் சுற்றி வட்டம் போடும். ஃபுல்பேக் அதில் எதையும் பார்ப்பதில்லை, பந்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பான். இடதுகால்காரன் வலதுபக்கம் நின்றால் உள்ளேதான் வெட்டுவான் என்பது அவனுக்குத் தெரியும். உள்பக்கத்தை அடைத்துவிட்டுக் கோட்டுப்பக்கம் வழி விடுவான். போ, போய் உன் வலதுகாலால் ஓரத்திலிருந்து கோல்முன் ஒரு கிராஸ் போடு பார்க்கலாம் என்பதுபோல. பையன் யோசிக்கிற அந்த அரைக் கணத்துக்குள் மிட்ஃபீல்டிலிருந்து இன்னொருவன் வந்து சேர்ந்துவிடுவான். ஒரு பக்கம் கோடு, இரண்டு பக்கம் ஆள். அங்கே பந்து போகத்தான் செய்யும்.

நானும் கல்லூரி நாட்களில் விங்கராக ஆடியவன்தான். (என் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் இதை வாசிக்கமாட்டார்கள் என்ற தைரியத்தில் சொல்கிறேன்.) கால் ஓடும், தலை நிமிராது. என்னை மறித்தவர்களின் முகம் ஒன்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை, பூட்ஸ் மட்டும்தான் ஞாபகம்.

விங்கரின் தோல்விக்கு ஒளிய இடமில்லை. மிட்ஃபீல்டர் ஒரு மோசமான பாஸ் கொடுத்தால் கூட்டத்துக்குள் மறைந்துவிடலாம். விங்கர் பறிகொடுப்பது பார்வையாளர்களுக்குப் பத்தடி தூரத்தில். அவன் முனகுவதுகூடக் கேட்கும். எல்லாரும் கிறிஸ்டியானோ ரொனால்டோவின் முதல் ஆட்டத்தைச் சொல்வார்கள். 2003 ஆகஸ்ட் 16, மான்செஸ்டர் யுனைடெட், எதிரணி போல்டன். உங்கள் மருமகனின் வயதுதான், 18. மாற்று வீரராக வந்து அரைமணி நேரம்தான் ஆடினார், அரங்கம் மயங்கிவிட்டது. அந்த அரைமணி நேரத்தை யூடியூபில் இன்றும் போட்டுப் பார்க்கிறவர்கள் அதற்கு அடுத்த மூன்று வருடங்களைப் பார்ப்பதில்லை. முதல் சீசனில் லீக் கோல்கள் 4. அடுத்ததில் 5. அதற்கடுத்ததில் 9. காலை வட்டம் வட்டமாகச் சுற்றுவதைத் தவிர என்ன தெரியும் என்று எழுதினார்கள். கிராஸ் வரும் என்று உள்ளே ஓடிய ஃபார்வர்டுகள் பந்து வராமல் கையை விரித்துக்கொண்டு நின்ற காட்சிகள் நிறைய உண்டு. நான்காவது சீசனில் 17, ஐந்தாவதில் 31.

கோல் கணக்கைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொரு கணக்கு. அந்த முதல் மூன்று சீசன்களில் அவர் ஆடிய லீக் ஆட்டங்கள் 29, 33, 33. அதாவது அவருடைய பயிற்சியாளர் அலெக்ஸ் ஃபெர்குசன் அவரைப் பறிகொடுக்க விட்டார், வாரா வாரம். எந்த இடத்தில் பறிபோகிறது, எந்த ஆளிடம் பறிபோகிறது என்று ஒரு விங்கர் கற்க வேறு வழி கிடையாது. நான் போன மாதம் எழுதிய வரியின் பொருள் அதுதான். உங்கள் மருமகன் இரண்டு பந்துகளை இழந்தது எனக்குப் பிரச்சினையாகவே தெரியவில்லை. ஏழு நிமிடம்தான் பிரச்சினை. உடம்பு சூடாவதற்குள் விசில் அடித்துவிடுவார்கள். இரண்டு முறை பறிகொடுத்தால் அன்றைய கணக்கே அவ்வளவுதான். அவன் முழு ஆட்டம் ஆடியிருந்தால் அந்த இரண்டும் உங்களுக்கு ஞாபகமே இருந்திருக்காது.

ஃபுல்பேக்காக நிறுத்துகிறார்கள் என்பதில் நீங்கள் கோபப்படுவது தெரிகிறது. நான் பயிற்சியாளர் பக்கம். இன்று விங்கர் என்பவன் பாதி நேரம் தற்காப்புக்காரன். அவன் பின்னால் வராவிட்டால் அவனுக்குப் பின்னால் நிற்கிற ஃபுல்பேக் ஒற்றை ஆளாக இரண்டு பேரைப் பார்க்கவேண்டும். ஆகவே 'ஓடி வா' என்பதைத் திட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அதையும் தாண்டி ஒரு லாபம் இருக்கிறது. ஆர்சனலின் புகாயோ சாகா 2019-20 சீசனில் நிறைய ஆட்டங்களை இடது ஃபுல்பேக்காகத்தான் ஆடினார். அந்த இடத்துக்காரர்கள் காயத்தில் இருந்தார்கள், இவரைப் போட்டார்கள். பிறகு வலதுபக்க விங்கராக அவர் ஆடிய ஆட்டத்தைப் பார்த்தால், எதிரே நிற்கிற ஃபுல்பேக் எதற்குப் பயப்படுவான் என்று தெரிந்தவரின் ஆட்டம் அது. வேலியின் மறுபக்கம் நின்று பார்த்தவர் அல்லவா.

கேரத் பேலும் இடது ஃபுல்பேக்தான். 2007-ல் டாட்டன்ஹாமுக்கு வந்தார். அவர் இறங்கிய முதல் 24 லீக் ஆட்டங்களில் ஒன்றில்கூட அணி ஜெயிக்கவில்லை. ராசியில்லாதவர் என்றே பேசிக்கொண்டார்கள். 2009 செப்டம்பரில் பர்ன்லியை 5-0 என்று அடித்த ஆட்டத்தில், வெற்றி கைக்கு வந்தபிறகு, கடைசி நிமிடங்களில் அவரை இறக்கித்தான் அந்தக் கண்ணேறு கழிந்தது. அப்படிச் சில நிமிடம் கிடைத்தவர், அடுத்த வருடம் அக்டோபர் 20 அன்று மிலான் நகரத்தில் இன்டர் அணிக்கு எதிராக இடது விங்கில் ஆடினார். இடைவேளையில் டாட்டன்ஹாம் 4-0 பின்தங்கியிருந்தது, களத்தில் பத்தே பேர். இரண்டாம் பாதியில் மூன்று கோல், மூன்றும் பேல் அடித்தது. ஆட்டம் 4-3 என்று தோல்விதான். ஆனால் அன்றைக்கு அவரை மறித்தவர் மைக்கான், அப்போது உலகத்தின் தலைசிறந்த ஃபுல்பேக்குகளில் ஒருவர்.

இப்போது மூன்றாவது பந்துக்கு வருகிறேன். உங்களை வலிக்கச்செய்த பந்து அது. எனக்கு அதைத்தான் பார்த்திருக்கவேண்டும் என்று இருக்கிறது.

ஸ்பெயின் விங்கர் லமீன் யமால் ஃபிரான்ஸுக்கு எதிராக அடித்த கோலை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். 2024 ஜூலை 9, ஐரோப்பிய நாடுகளுக்கான யூரோ கோப்பை அரையிறுதி, 17 வயது நிறைய நான்கு நாள் பாக்கி. ஸ்பெயின் ஒரு கோல் பின்தங்கியிருக்கிறது. எதிரே ஃபிரான்ஸின் ரபியோ. யமால் பந்தை வலதுபக்கமிருந்து உள்ளே கொண்டுவருகிறார். கடந்து ஓடவில்லை என்பதைக் கவனியுங்கள். பந்தை இடதுகாலில் நகர்த்தி, ரபியோவின் கால் வந்து சேர்வதற்கு முன் ஒரு சாண் வெளியை உண்டாக்கிக்கொண்டு, வளைத்து அடித்தார். கம்பத்தின் உள்பக்கம் பட்டு உள்ளே போனது. எல்லாரும் அந்த வளைவைப் பேசுகிறார்கள். ஐந்து நாள் கழித்து இறுதியாட்டத்தில், இரண்டாம் பாதி தொடங்கிய இரண்டாவது நிமிடம், அதே யமால் அதே பக்கத்திலிருந்து உள்ளே வருகிறார். இங்கிலாந்தின் தடுப்பு வரிசை முழுக்க அவரை நோக்கிச் சாய்கிறது, எல்லாருடைய மனதிலும் அந்த ஃபிரான்ஸ் கோல் ஓடுகிறது. அவர் அடிக்கவில்லை. இடதுபக்கம் ஆளில்லாமல் ஓடிவந்த நிகோ வில்லியம்ஸுக்கு உருட்டிக் கொடுத்தார். கோல். எனக்கு முதலாவதைவிட இரண்டாவதுதான் பெரிய ஆட்டம். வெட்டத் தெரிந்தவன் வெட்டாமல் விடும் இடம் அது.

ஆகவே திருப்பிக் கொடுத்ததாலேயே பயம் என்று சொல்லிவிட முடியாது. சொல்லாமல் இருக்கவும் முடியாது. பந்து வந்தால் திருப்பி, வந்தால் திருப்பி என்று ஆடி, பயிற்சியாளரிடம் திட்டு வாங்காமல் ஐந்து வருடம் ஓட்டி, ஒருவருக்கும் ஞாபகமில்லாமல் போன விங்கர்களும் ஏராளம். பறிகொடுக்காத விங்கரை நம்பமாட்டேன் என்று எழுதியபோது என் மனதில் இருந்தது அவர்கள்தான்.

அக்காவிடம் இதைச் சொல்லுங்கள்: மெதுவாகப் போவது ஆபத்து இல்லை. அவசரம் செய்கிற சேதம்தான் அதிகம். தியோ வால்காட்டை, இங்கிலாந்தின் முதல்நிலைப் போட்டியான பிரீமியர் லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடாத நிலையில், 17 வயதில், 2006 உலகக்கோப்பைக்கு அழைத்துப்போனார்கள். ஒரு நிமிடம்கூடக் களத்தில் இறக்கவில்லை. நல்ல வீரராகவே வந்தார், ஆனால் அந்தப் பயணம் ஏற்படுத்திய எதிர்பார்ப்பு அவர் ஆட்டத்தைவிட எப்போதும் ஒரு படி முன்னால் ஓடியது. ஆன்சு ஃபாத்தி இன்னும் பாவம். 2019-ல் 16 வயதில் பார்சிலோனாவுக்கு ஆடத் தொடங்கினார், அடுத்த வருடம் நவம்பரில் முழங்கால் போனது. அவர் காயத்திலிருந்து திரும்பும்போது மெஸ்ஸி விட்டுப்போன 10-ஆம் எண் சட்டையை வேறு மாட்டிவிட்டார்கள். அந்தப் பழைய துள்ளல் திரும்பவில்லை. 2025-ல் அதே எண் யமாலுக்குப் போயிருக்கிறது. வளர்கிற உடம்புக்கு, அதுவும் நின்ற இடத்திலிருந்து பாய்ந்து ஓடுவதே தொழிலாக உள்ளவனுக்கு, பெஞ்சில் உட்காரும் ஒரு வருடம் தண்டனையாக இருக்கவேண்டியதில்லை.

லோன் பற்றி. எகிப்தின் முகமது சலாவைச் சொல்லித்தான் எல்லாரும் லோனுக்கு வாதாடுகிறார்கள். 2014-ல் செல்சிக்கு வந்து இடம் கிடைக்காமல், ஃபியோரன்டினாவுக்கு லோன், பிறகு ரோமா, 2017-ல் லிவர்பூல் போய் முதல் சீசனிலேயே 32 லீக் கோல். உண்மைதான். ஆனால் செல்சிக்கு வரும்போதே அவர் சுவிட்சர்லாந்தின் பாசெல் அணியில் பெரிய ஆட்டங்கள் ஆடி முடித்தவர். முதல் ஒப்பந்தத்தில் இருக்கும் பையனுக்கும் அவருக்கும் ஒப்பீடு இல்லை. லோன் என்றால் நான் கேட்பது இரண்டே கேள்வி. அங்கே இருக்கும் பயிற்சியாளர் இவனைக் கேட்டு வாங்குகிறாரா, அல்லது ஆள் குறைகிறது என்று எடுக்கிறாரா? இவனுக்குப் பின்னால் எந்த ஃபுல்பேக் ஆடுவான்? நல்ல விங்கர்களில் பாதிப்பேரை உண்டாக்கியது, அவர்களைத் தாண்டி வெளிப்பக்கமாக ஓடி எதிராளியைக் குழப்பிய ஃபுல்பேக்குகள். அவர்கள் பெயரை யாரும் சொல்வதில்லை. இரண்டுக்கும் நல்ல பதில் இல்லையென்றால், இந்தக் கிளப்பிலேயே இந்தச் சீசன் முடியட்டும்.

பயமா இல்லையா என்று அவனிடம் நேராகக் கேட்காதீர்கள். மாமா கேட்டால் எந்தப் பையனும் இல்லை என்றுதான் சொல்வான். ஒரு வேளை சோறு போட்டு, பேச்சோடு பேச்சாக, அந்த மூன்றாவது பந்தைப் பற்றி மட்டும் கேளுங்கள். பந்து உன்னிடம் வருவதற்கு முன்னாலேயே பின்னால் ஆள் நிற்பது தெரியுமா என்று. பந்தை வாங்கிய பிறகு பார்த்தேன் என்று சொன்னால் அதையும், முன்னாலேயே திரும்பிப் பார்த்தேன் என்று சொன்னால் அதையும், அவன் சொன்னது சொன்னபடியே எனக்கு எழுதுங்கள்.