வாசகர் கேள்வி – பதில்: துறைமுகம் ஒன்று, நகரம் இன்னொன்று

கேள்வி: சிங்கப்பூரில் ஏறி ஆசியத் துறைமுகங்களைச் சுற்றும் கப்பலில் போகிறோம். பாங்கொக்கில் காலை 8 முதல் மாலை 6 வரை நிற்குமாம். நகரைப் பார்க்க அது போதுமா?
– வாசகி, ஹட்டன்

பதில்: பயண அட்டவணையில் பாங்கொக் என்று போட்டிருந்தாலும் பெரிய கப்பல்கள் வந்து நிற்பது லேம் சபாங் துறைமுகத்தில். அங்கிருந்து பாங்கொக் நகருக்கு, ஹட்டனிலிருந்து கொழும்புக்குப் போகிற தூரம். நெடுஞ்சாலை என்பதால் 2 மணித்தியாலத்தில் போகலாம். பின்னேரம் திரும்பும்போது நகர நெரிசலில் 3 ஆகும். 8 மணிக்குக் கப்பல் வந்தாலும் அனுமதி கிடைத்து இறங்க 9 ஆகிவிடும். புறப்படுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி முன்பே எல்லோரும் ஏறியிருக்க வேண்டும். ஆக 11க்குப் போய் 2 மணிக்கு முன் கிளம்ப வேண்டும். அரண்மனையையும் வாட் போ விகாரையையும் பார்க்கலாம், அவ்வளவுதான். முழங்காலும் தோளும் மறைய உடுத்துங்கள். இல்லாவிட்டால் அரண்மனை வாசலிலேயே நிறுத்துவார்கள். களைப்பு வேண்டாம் என்றால் பக்கத்திலுள்ள பட்டாயாவோடு நிறுத்திக்கொள்வது புத்தி.

இதே கணக்கை ஒவ்வொரு ஊருக்கும் போடுங்கள். ஹோ சி மின் நகரம் என்றால் பெரும்பாலும் பூ மை துறைமுகம். ஒன்றரை முதல் 2 மணித்தியாலம். கோலாலம்பூருக்குக் கிளாங். பெய்ஜிங்குக்குத் தியான்ஜின், அதுதான் எல்லாவற்றிலும் தூரம். மாறாக, பினாங்கில் கப்பல் ஜோர்ஜ் டவுன் நகரக் கரையிலேயே நிற்கும். லிட்டில் இந்தியாவுக்கு நடந்தே போகலாம்.

தூர இடங்களுக்குக் கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவில் போவதே நல்லது, விலை கூடினாலும். அந்த பஸ் பிந்தினால் கப்பல் நிற்கும். நீங்களே பிடித்த வேன் பிந்தினால் நிற்காது. அடுத்த துறைமுகம் வரை உங்கள் செலவில்தான் போய்ச் சேர வேண்டும். கப்பல் நேரமும் உள்ளூர் நேரமும் சில நாட்களில் வேறுபடும். கைத்தொலைபேசி தானாக மாறிவிடும், ஆகவே கைக்கடிகாரத்தில் கப்பல் நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு விசா எடுத்தால் போதும்தானே?
– வாசகர், தலவாக்கலை

பதில்: போதாது. ஜப்பானின் கோபேயிலிருந்து தென்கொரியாவின் பூசானுக்குப் போய் மறுபடி நாகசாகிக்கு வரும் கப்பலில் நீங்கள் ஜப்பானுக்குள் இரண்டு முறை நுழைகிறீர்கள். ஒருமுறை நுழைவு விசா பூசானோடு முடிந்துவிடும். வியட்நாமின் இ-விசா விண்ணப்பத்தில் நுழையும் இடமாக, பழக்கத்தில் விமான நிலையத்தைத் தெரிவு செய்யாமல், கப்பல் முதலில் நிற்கும் துறைமுகத்தைத் தெரிவு செய்யுங்கள். சிங்கப்பூருக்கு நமக்கு முன்விசா வேண்டாம். ஆனால் வருகை அட்டையைப் போய்ச் சேர்வதற்கு முந்திய 3 நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும்.

தோட்டப் பகுதிகளில் பிறப்புப் பதிவில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து என்று இருப்பது சாதாரணம். கடவுச்சீட்டில் உள்ளபடியே விசாவிலும் பயணச் சீட்டிலும் பெயரைப் போடுங்கள்.

கேள்வி: அம்மா வெற்றிலை போடுவார். கறித்தூள், மருந்தும் கொண்டுபோவோம். பிரச்சினையா?
– வாசகி, பண்டாரவளை

பதில்: வெற்றிலையோடு மெல்லும் புகையிலை சிங்கப்பூரில் தடை. கசகசாவும் அங்கே போதைப்பொருள் சட்டத்தில் மாட்டும். ஜப்பானில் சளி மருந்தைக் கவனியுங்கள்: சூடோஎபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொண்டுபோக முடியாது. மற்ற மருந்துகளை மருத்துவர் சீட்டோடு, பெட்டியைப் பிரிக்காமல் வையுங்கள்.