ஸ்டொக் எவ்வளவு வைப்பது? வாகனத் தொழிலின் வழங்கல் சங்கிலி பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: ஜஸ்ட் இன் டைம் என்றால் ஸ்டொக்கே வைக்காமல் வேலை செய்வதா? (முகாமைத்துவ மாணவி, ஹட்டன்)

இல்லை மகள், பரீட்சையில் அப்படி எழுதிவிட வேண்டாம். உங்கள் ஊர்த் தேயிலைத் தொழிற்சாலையைப் பாருங்கள். அன்று பறித்த கொழுந்து அன்றே வந்து இறங்கும்; வாட்டும் தட்டில் இடமிருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஜஸ்ட் இன் டைம், அதாவது டொயோட்டாவில் பொறியியலாளர் தாயிச்சி ஓனோ வளர்த்த, தேவைப்படும்போது மட்டும் சாமானை வரவழைக்கும் முறை, இதற்கு நேர்மாறு. அடுத்த கட்டத்தில் இருப்பவர் ஒரு பெட்டிச் சாமானை எடுத்தால்தான் அதிலுள்ள கான்பான் எனும் கோரிக்கை அட்டை பின்னால் போய் இன்னொரு பெட்டியை வரவழைக்கும். பெட்டிக்குள் இருப்பதும் ஸ்டொக்தான். எத்தனை பெட்டி சுற்றலாம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு, அவ்வளவுதான்.

கேள்வி: 2021இல் சிப் இல்லாமல் கார் கம்பனிகள் தடுமாறின. அவ்வளவு பெரிய ஆட்களுக்கு முன்யோசனை இல்லையா? (வேன் சாரதி, நுவரெலியா)

யோசித்தார்கள், ஆனால் தப்பாக. 2020இல் கொரோனா வந்ததும் கார் விற்காது என்று ஓடர்களை ரத்துச் செய்தார்கள். சிப் ஆலைகள் அந்த இடத்தைக் கணினி, போன் செய்பவர்களுக்குக் கொடுத்துவிட்டன. விற்பனை திரும்பியபோது கார்க்காரர்கள் வரிசையில் கடைசி. ஒரு சிப்பைச் செய்து முடிக்கவே மாதக் கணக்காகும்.

டொயோட்டா முன்பே சூடுபட்டிருந்தது. 1997 பெப்ரவரியில் ஐசின் நிறுவனத்தின் காரியா ஆலை எரிந்தது. டொயோட்டாவுக்கான பிரேக் வால்வு ஏறக்குறைய முழுவதும் அங்கிருந்துதான் வந்தது. சிறிய சாமான்தான், ஆனால் ஜப்பானில் டொயோட்டாவின் கார் ஆலைகள் நின்றுபோயின. மற்ற வழங்குநர்கள் ஓடிவந்து வால்வு செய்து கொடுத்ததால் ஒரு வாரத்தில் ஒருவாறு மீண்டது. 2011 ஜப்பான் நிலநடுக்கத்தில் ரெனசாஸ் கம்பனியின் நாகா சிப் ஆலை சேதமடைந்து நின்றபோது இன்னும் பலமான அடி. அதன் பிறகே, வழங்குநருக்கு யார் வழங்குகிறார் என்று அடிவரை தேடிப் பட்டியல் எடுத்தார்கள். சிப்பை 2 முதல் 6 மாதத்துக்கு வைத்திருக்கும்படி வழங்குநர்களிடம் சொன்னார்கள். அதனால் மற்றவர்களைவிட அதிக நாள் தாக்குப்பிடித்தார்கள். ஆனாலும் 2021 செப்டெம்பரில் உற்பத்தித் திட்டத்தில் 40 சதவீதம் வெட்டினார்கள். ஸ்டொக் நேரம் வாங்கித் தரும், சிப் செய்து தராது.

கேள்வி: நம் நாட்டுச் சாமான் எதுவும் வெளிநாட்டு வாகனங்களுக்குப் போகிறதா? (பதுளை)

போகிறது. பாரம்தூக்கி வண்டிகளுக்கான திண்ம டயர் நமது பெரிய ஏற்றுமதி. ஏர்பேக் சென்சர்கூட பியகமவில் செய்கிறார்கள்.

கேள்வி: கொழும்பு பஞ்சிகாவத்தையில் இரண்டு கடைகளில் வாங்குகிறேன். அப்படியும் திரீவீலர் பிரேக் ஷூ முடிந்துவிடுகிறது. (ஸ்பெயார் பாட்ஸ் கடைக்காரர், பண்டாரவளை)

மலைப் பாதையில் பிரேக் ஷூ தேய்வதைச் சொல்லவா வேண்டும்! சரி, கணக்கைப் பார்ப்போம். வாரம் 6 செட் போகிறது, கொழும்பிலிருந்து வர 2 வாரம் என்றால் 12 கட்டாயம். மண்சரிவில் ரோடு மூடினால் என்று இன்னொரு வாரத்துக்கு 6. ஆக, ஸ்டொக் 18க்கு இறங்கிய அன்றே போன் எடுங்கள். எப்போதாவது போகும் கண்ணாடிக்கும் மட்கார்டுக்கும் இப்படிக் காசை முடக்க வேண்டாம்.

அப்புறம், அந்த இரண்டு கடைகளும் ஒரே இறக்குமதியாளரிடம் எடுத்தால் உங்களுக்கு இருப்பது ஒரே வழிதான். கேட்டால் சொல்ல மாட்டார்கள். பெட்டியில் ஒட்டிய லேபலைப் பாருங்கள், இறக்குமதியாளர் பெயர் பெரும்பாலும் அதில் இருக்கும்.