அடுத்த காம்பராவில் இருமல்

அன்புள்ள ஐயாவுக்கு,

நான் பொகவந்தலாவைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். பெயரையும் தோட்டத்தையும் போட வேண்டாம். இரண்டு வருடங்களுக்கு முன்பு எங்கள் லய வரிசையில் பக்கத்துக் காம்பரா அறையில் இருப்பவர் என் கணவரைப் பற்றி ஆபீசில் ஒரு சொல் சொல்லிவிட்டார். உர மூட்டை ஒன்றை என் கணவர் வெளியில் விற்றாராம். மூன்று மாதம் வேலை இல்லை. என் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. பிறகு கணக்குப் பார்த்தபோது மூட்டை உரம் வைக்கும் அறையிலேயே இருந்தது. கணவரை மறுபடியும் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். சொன்னவர் மட்டும் இன்றுவரை அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அவரும் நாங்களும் ஒரே கோவில் பங்கைச் சேர்ந்தவர்கள். அவர் இப்போது பங்குப் பேரவையில் இருக்கிறார். ஞாயிறுகளில் முதல் வாசகம் வாசிக்கிறார். போன மாதம் பூசையில் சமாதானம் சொல்லும் நேரத்தில் என் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பலர் பார்த்துவிட்டார்கள். பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் அடுத்த அன்பியக் கூட்டத்தில் ஒரு அக்கா, மன்னிக்காதவள் நற்கருணை வாங்கலாமா என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். பகைவரை நேசியுங்கள் என்று சாமியார் பிரசங்கம் வைத்ததும் என்னைப் பார்த்துச் சொன்னதுபோல் இருந்தது. ஐயா, அடித்தவனிடம் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. அடிபட்டவளிடம்தான் அன்பைக் கேட்கிறார்கள். ஏன்? வருகிற ஞாயிறு நான் அவருக்குக் கைகூப்ப வேண்டுமா?

இன்னொன்று. அவருடைய அம்மா படுத்த படுக்கையாக இருக்கிறார். இரவெல்லாம் இருமுகிறார். சுவர் கூரைவரை இல்லாததால் அந்த இருமல் எங்கள் தலைமாட்டில் கேட்கிறது. எனக்கும் தூக்கம் இல்லை. அது வேறு கதை.

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவர்மேல் சொல்லப்பட்டது பொய். அந்தப் பொய் ஒரு குடும்பத்தின் அடுப்பை மூன்று மாதம் அணைத்துப் போட்டது. இதை முதலில் எழுதுகிறேன். இரண்டு வருடமாக யாரும் உங்கள் முகத்தைப் பார்த்து இதைச் சொல்லவில்லை என்பது கடிதத்தில் தெரிகிறது. சொல்லியிருந்தால் நீங்கள் எனக்கு எழுதியிருக்கவே மாட்டீர்கள்.

பகைவரிடமும் அன்பு கூருங்கள் என்பது மத்தேயு 5ஆம் அதிகாரத்தில் 44ஆம் வசனம். அதே அதிகாரத்தில், அதே மலையில் உட்கார்ந்து, இருபது வசனங்களுக்கு முன்னாலேயே ஆண்டவர் இன்னொன்றைச் சொல்லியிருக்கிறார். பீடத்தில் காணிக்கை செலுத்த வரும்போது உங்கள் சகோதரருக்கு உங்கள்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய், முதலில் அவரோடு நல்லுறவு செய்துகொள்ளுங்கள் என்கிறார். மனத்தாங்கல் யாருக்கு? உங்களுக்கு. அப்படியானால் எழுந்து நடக்க வேண்டியவர் யார்? வாசக மேடையில் நிற்பவர். அந்த அக்கா கேட்ட கேள்வியைக் கேட்டே ஆக வேண்டுமென்றால் அவரிடம்தான் கேட்டிருக்க வேண்டும். அதையும் கூட்டத்தில் கேட்டிருக்கக் கூடாது. தவறு செய்தவரிடம் முதலில் தனியாகப் போய்ப் பேசுங்கள், கேட்காவிட்டால் ஒருவர் இருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், அதற்கும் கேட்காவிட்டால் திருச்சபையிடம் சொல்லுங்கள் என்பது 18ஆம் அதிகாரத்தின் ஒழுங்கு. நம் பங்குகளில் எல்லாம் சபையில்தான் தொடங்குகிறது, தனியாகப் பேசும் நாள் வருவதே இல்லை. இது எனக்கு நெடுநாள் வருத்தம்.

நற்கருணை பற்றி உங்களுக்கு ஏற்பட்ட பயத்தையும் போக்க விரும்புகிறேன். இழைக்கப்பட்ட தீங்கை உணராமல் இருப்பதும் மறந்துவிடுவதும் நம் கையில் இல்லை என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலே 2843ஆம் பத்தியில் ஒப்புக்கொள்கிறது. அந்தக் காயத்தைத் தூய ஆவியிடம் ஒப்படைப்பதுதான் நம்மால் ஆவது. பழிவாங்க நேரம் பார்த்துக் காத்திருப்பது ஒன்று, புண் ஆறாமல் இருப்பது இன்னொன்று. தலையைக் குனிந்துகொண்டீர்கள். அவரை அவமதிக்கவில்லை, பொய்யாகச் சிரிக்கவும் இல்லை. நீங்கள் தைரியமாக நற்கருணை வாங்குங்கள்.

அடிபட்டவரிடம் மட்டும் ஏன் அன்பைக் கேட்கிறார்கள் என்றீர்கள். அதுதான் சுலபம் என்பதால் கேட்கிறார்கள். பலமுள்ளவரிடம் கணக்குக் கேட்டால் பங்கு கலகலத்துப் போகும், பலமில்லாதவர் அழுதுவிட்டு அடங்கிவிடுவார். 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த நாளிலிருந்து நம் சனங்களுக்குப் பொறுமையைப் போதித்தவர்களுக்குக் குறைவில்லை. அதனால்தான் அன்பு என்ற சொல்லே சிலசமயம் நம் காதில் அதட்டலாக விழுகிறது.

ஆனால் மன்னிப்பும் கணக்குக் கேட்பதும் சேர்ந்து நடக்கக் கூடியவை என்பதை நம் இலங்கைத் திருச்சபை சமீபத்தில் தன் இரத்தத்தில் கற்றுக்கொண்டது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம், கட்டுவாப்பிட்டிய செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் ஆலயம், கொழும்பின் பெரிய ஓட்டல்கள். எல்லாவற்றிலும் குண்டு வெடித்தது. 250க்கும் அதிகமான உயிர்கள் போயின. கர்தினால் மல்கம் ரஞ்சித் யாரும் கை ஓங்கக் கூடாது என்று மன்றாடினார். அடுத்த வருட உயிர்ப்புப் பெருவிழாவில், குண்டுகளோடு வந்தவர்களை மன்னித்துவிட்டோம் என்றார். அதே கர்தினால்தான் 2021 மார்ச் 7ஐக் கறுப்பு ஞாயிறாக்கி, உண்மை எங்கே என்று அரசாங்கத்தைக் கேட்டார். எச்சரிக்கை கிடைத்தும் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பத்துக் கோடி ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டுமென்று 2023 ஜனவரி 12இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மன்னித்தவர்கள் எதற்கு வழக்குக்குப் போனீர்கள் என்று எந்தத் தாயையும் யாரும் கேட்கவில்லை. உங்களையும் கேட்க முடியாது.

குண்டு வெடித்த அந்த நாட்களில் எங்கள் நகரத்தில் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். சம்பள நாள்வரை நம்மவர்களுக்கு மாவும் சீனியும் கடனுக்குக் கொடுத்துவந்த ஒரு முஸ்லிம் கடைக்காரர் இருந்தார். குண்டோடு வந்தவர்கள் அவர் மதத்தவர் என்பதற்காக வாரக்கணக்கில் ஒருவரும் அவர் கடைப்படி ஏறவில்லை. பூசைக்குப் போய்வந்த நாங்கள் எதிர்ப்பக்கத்து நடைபாதையில் நடந்தோம். அவர் எங்களுக்கு ஒரு தீங்கும் செய்தவரல்லர். பகைவரை நேசிப்பது பற்றி நாம் இவ்வளவு பேசுகிறோம், அயலவரைப் பகைவராக்கிக்கொள்ள நமக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதுமாக இருந்தது.

இனி என் வீட்டுக் கதை. இதைப் பொதுவில் எழுதுவது இதுதான் முதல் தடவை.

எங்கள் தோட்டம் லிந்துலைப் பக்கம். அப்பாவுக்கும் மேல்லயத்தில் இருந்த ஒருவருக்கும் தொழிற்சங்கம் பிரிந்த காலத்தில் பகை வந்தது. ஓர் இரவு எங்கள் மாட்டுப்பட்டியில் கயிறு அவிழ்க்கப்பட்டிருந்தது. விடியப் பார்த்தபோது பசு தேயிலை மலை வடிகானுக்குள் கால் முறிந்து கிடந்தது. பால் விற்றுத்தான் என் தங்கையின் பாடசாலைச் செலவு நடந்துகொண்டிருந்தது. யார் செய்தது என்று தோட்டத்துக்கே தெரியும். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அப்பா அவரோடு பேசாமலேயே செத்துப்போனார். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது.

மழைக்காலம். நம் மலையில் மழைக்காலத்தில் குழி வெட்டுவது எப்படியென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேலே சேறு, கீழே கல். ஆட்கள் மாறிமாறி இறங்கினார்கள். யாரும் கூப்பிடாமல் அவர் வந்தார், தோளில் அலவாங்கு. ஒரு வார்த்தை பேசாமல் குழிக்குள் இறங்கிக் கல்லை உடைத்தார். நான் சாயத் தேநீரும் சீனியும் கொண்டு போனேன். ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் சீனியை வைத்துக் கோப்பையை நீட்டிக்கொண்டே வந்தேன். அவர் கையை நீட்டினார். நான் அவரைத் தாண்டி அடுத்தவரிடம் போனேன். அந்தக் கை கொஞ்ச நேரம் நீண்டபடியே இருந்தது. பிறகு அவர் பீலித் தண்ணீரில் அலவாங்கைக் கழுவிக்கொண்டு போய்விட்டார்.

இரவு அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. “உன் அப்பனுக்குக் குழி வெட்டியவனைத் தொண்டை நனைக்காமலா அனுப்பினாய்?” என்று மட்டும் கேட்டார். ஏழாம் நாள் பூசை முடிந்து வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டோம். அம்மா ஒரு தட்டில் சோறு போட்டு மூடி, என்னையும் கூட்டிக்கொண்டு மேல்லயத்துக்கு ஏறினார். அவர் வாசலுக்கு வந்தார். அம்மா சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது. “அண்ணே, மாட்டை அவிழ்த்துவிட்டது நீங்கள்தான் என்று எனக்குத் தெரியும். அவரும் அதை நெஞ்சில் வைத்துக்கொண்டேதான் போனார். சோறு சூடாக இருக்கிறது, சாப்பிடுங்கள்.”

அவர் தட்டை வாங்கிக்கொண்டு நின்றார். மறுக்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. தட்டு மறுநாள் கழுவி வந்தது.

அம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. உன் பகைவனின் மாடு வழிதப்பித் திரிவதைக் கண்டால் அதை அவனிடமே கொண்டுபோய் விடு, அவனுடைய கழுதை சுமையோடு விழுந்து கிடந்தால் தூக்கிவிட உதவு என்று யாத்திராகமம் 23ஆம் அதிகாரத்தில் இருப்பதை நான் பல வருடங்கள் கழித்துத்தான் கவனித்தேன். அந்தக் கட்டளையைப் பாருங்கள் சகோதரி. அவனைக் கட்டிப்பிடி என்று அதில் இல்லை. நடந்ததை மறந்துவிடு என்றும் இல்லை. அவனைப் பகைவன் என்றே சொல்லிக்கொண்டு, கழுதையைத் தூக்கச் சொல்கிறது. அம்மா செய்தது அதுதான். மாட்டையும் சொன்னார், சோற்றையும் கொடுத்தார். ஒன்றை மறைத்துவிட்டு மற்றதைக் கொடுத்திருந்தால் அது எனக்கு இவ்வளவு காலம் நினைவில் நின்றிருக்காது.

நம் மலைக்கு முந்நூறு வருடங்களுக்கு முன் வந்த ஒருவருக்கும் உங்கள் கணவருக்கு நடந்ததே நடந்தது. 1692இல் கண்டிக்கு வந்த யோசேப் வாஸ் அடிகளார், போர்த்துக்கேய ஒற்றன் என்று சொல்லப்பட்டுச் சிறைவைக்கப்பட்டார். 1697இல் அதே கண்டியில் பெரியம்மை பரவியபோது சனங்கள் நோயாளிகளை விட்டு ஓடினார்கள். ஓடாமல் நின்று கஞ்சி கொடுத்தவர், புண் கழுவியவர், பிணம் புதைத்தவர் அவரும் அவருடைய நெருங்கிய உறவினரான குருவும்தான். தன்னைச் சிறைவைத்த ஊர் என்று அவர் பார்க்கவில்லை. 2015 ஜனவரி 14இல் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். நம் கோவில்கள் பலவற்றில் அவர் சொரூபம் இருக்கிறது. அதற்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தும்போது கண்டியின் அந்தப் புண்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். வருகிற ஞாயிறு கைகூப்பத்தான் வேண்டுமென்று நான் சொல்லமாட்டேன். ஆலயத்தில் நூறு பேர் பார்க்கக் கைகூப்புவது உங்கள் இருவருக்குமே சுலபமான காரியம். ஒருவேளை அவருக்கு அதற்கு மேல் எப்படித் தொடங்குவதென்று தெரியாமலும் இருக்கலாம். அதனால் நீங்களும் கணவருமாக ஒரு மாலை அவர் வாசலுக்குப் போங்கள். சொன்னது பொய், சங்கிலி அடகுக்குப் போனது, மூன்று மாதம் வேலை இல்லாமல் இருந்தோம் என்று குரலை உயர்த்தாமல் சொல்லுங்கள். ஆபீசிலும் அன்பியத்திலும் அவர் வாயால் அது பொய்யென்று சொல்ல வேண்டுமென்று கேளுங்கள். பெயர் கெட்டது ஊரறிய, அது ஊரறியத்தான் திரும்ப வேண்டும். மறுத்தால் பங்கில் நீங்கள் மதிக்கும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் போங்கள், பிறகு பங்குத்தந்தையிடம் போங்கள். அதைச் சரிசெய்யாமல் அவர் வாசக மேடையில் நிற்பது சரியல்ல என்பதுதான் என் எண்ணம், அதைப் பங்குத்தந்தையிடம் நீங்கள் சொல்லலாம்.

அவர் ஒத்துக்கொள்ளும்வரை அந்த இருமல் காத்திருக்க முடியாது. அது வேறு கதை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதம் முழுவதும் அந்தக் கடைசி வரிகளில்தான் இருந்தது. ஆண்டவர் கட்டளையில் அடுத்திருப்பவர் என்று ஒரு சொல் வருகிறது. நம்மைப்போல் அதன் பொருள் யாருக்குத் தெரியும்? பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, நடுவே பாதிச் சுவர், அவர்கள் தாளிப்பது நமக்கு மணக்கும், நாம் அழுவது அவர்களுக்குக் கேட்கும். அந்த அம்மா உங்கள் கணவரைப் பற்றி ஆபீசில் ஒன்றும் சொல்லவில்லை. கொத்தமல்லியும் இஞ்சியும் போட்டுக் காய்ச்சிய ஒரு போத்தல் சுடுதண்ணீருக்கு நீங்கள் யாருடைய சம்மதத்தையும் கேட்க வேண்டியதில்லை. நாட்கணக்கில் இருமல் நிற்காவிட்டால் தோட்டத்து மருந்து மட்டும் போதாது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சளிப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். சுமந்துபோக ஆள் தேவைப்பட்டால் உங்கள் கணவரும் ஒரு பக்கம் பிடிக்கட்டும்.

என் அம்மா போன பிறகு நான் மேல்லயத்துக்குப் போனேன். அவருக்கு ஒரு கோப்பை சாயம் கொடுக்க வேண்டும் என்று மனதில் வைத்துக்கொண்டுதான் போனேன். அவர் இறந்து இரண்டு வருடமாகியிருந்தது. அவருடைய மகள் எனக்குச் சாயம் ஊற்றிக் கொடுத்தாள், சீனியை உள்ளங்கையில் வைத்தாள்.

அந்த அம்மாவுக்கு இருமல் எப்படி இருக்கிறதென்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.