வில்லும் குடமும் மலையேறும்போது

கேள்வி: எங்கள் ஊர் தக்கலைக்குப் பக்கம். எங்கள் வில்லிசைக் குழுவுக்கு மே மாதம் கொடைக்கானல் கோடை விழாவில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் நிகழ்ச்சி கிடைத்திருக்கிறது. நையாண்டி மேளக்காரர்களும் சேர்ந்து வருகிறார்கள். மொத்தம் 12 பேர். இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு மலை ஊரில் பாடப் போனபோது பாதிக் கதையில் நாண் தொய்ந்தது, உடுக்கை செத்துப்போனது, நாயனம் சுருதிப் பெட்டியோடு கடைசி வரை சேரவில்லை. அப்பா அன்று மேடையிலேயே கண் கலங்கிவிட்டார். இந்த முறை அப்படி நடக்கக் கூடாது. ஞாயிறு முடித்து வந்தால் செவ்வாய்க்கிழமை ஊரில் அம்மன் கோயில் கொடை விழா வேறு இருக்கிறது. என்ன செய்ய வேண்டும் ஐயா?

பதில்: தம்பி, உங்கள் அப்பாவிடம் முதலில் ஒன்றைச் சொல்லுங்கள். அன்று குறை அவர் கையிலும் இல்லை, வாத்தியத்திலும் இல்லை. முப்பது வருடமாகத் தோல் வாத்தியங்களுக்கு மூட்டு, அதாவது வளையத்தில் இழுத்துக் கட்டிய தோல், போட்டுக் கொடுக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், நீங்கள் வாத்தியங்களைக் காலையில் கட்டி, பகலெல்லாம் ஓட்டி, சாயங்காலம் மேடையேற்றியிருப்பீர்கள். ஒரே நாளில் மூன்று விதமான காற்றை அந்தத் தோல் தாங்க வேண்டியிருந்தது. நம் ஊரில் கடல் காற்றின் ஈரம். வள்ளியூர் தாண்டி கோவில்பட்டி, விருதுநகர் வரைக்கும் மே மாதத்து வறண்ட வெக்கை. மேலே ஏறியதும் மூடுபனி. தோல் என்பது காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்தால் நீளும், விட்டால் சுருங்கும். நீண்டால் ஒலி இறங்கும், சுருங்கினால் ஏறும், அளவுக்கு மீறிச் சுருங்கினால் கிழியும். உங்கள் உடுக்கை கோவில்பட்டியில் முறுக்கேறி, மலையில் தளர்ந்திருக்கிறது. நீங்கள் தளர்ச்சியை மட்டும்தான் பார்த்தீர்கள்.

ஆகவே நான் சொல்ல வேண்டியதில் முக்கியமானது ஒன்றுதான்: வாத்தியங்கள் பாட வேண்டிய இடத்தில் ஒரு ராத்திரி தூங்கட்டும். சனிக்கிழமை நிகழ்ச்சிக்குச் சனிக்கிழமை போய் இறங்காதீர்கள். வெள்ளிக்கிழமை காலையிலேயே மேலே இருங்கள். ஒரு நாள் அறை வாடகை கூடுதலாகும்தான். பன்னிரண்டு பேருக்கு அது சின்னச் செலவு இல்லை என்று எனக்குத் தெரியும். மற்ற எதில் வேண்டுமானாலும் சிக்கனம் பிடியுங்கள், இதில் வேண்டாம்.

வியாழக்கிழமை இரவு சாப்பிட்டுவிட்டுப் புறப்படுங்கள். மதுரை, வத்தலக்குண்டு வழியாக 350 கிலோமீட்டருக்கு மேல் வரும். இரவில் போனால் அந்த வெக்கைப் பிரதேசத்தை வெயில் இல்லாமல் கடந்துவிடலாம், தோலுக்கு அது பெரிய உபகாரம். விடியும் நேரத்தில் வத்தலக்குண்டில் இருந்தால் மலைப்பாதையில் வார இறுதி நெரிசல் சேருவதற்கு முன்பே ஏறிவிடலாம். 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவின்படி கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் போகும் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். வண்டிகளின் எண்ணிக்கைக்கு வரம்பும் வந்துவிட்டது. கடைசி நேரத்துக்கு வைக்காமல், தேதி உறுதியானதுமே பதிவு செய்துவிடுங்கள்.

வில்லை வண்டியின் மேலே கட்டாதீர்கள். இதை நான் சும்மா சொல்லவில்லை. பல வருடங்களுக்கு முன், நான் தவில் வாசித்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரு மலை நிகழ்ச்சிக்குப் போனபோது இடம் போதவில்லை என்று ஓர் உறுமியையும் உடுக்கையையும் தார்ப்பாயில் சுற்றி வேனின் தலையில் நானே கட்டினேன். மழைக்குப் பயந்து தார்ப்பாய் சுற்றினேனே தவிர, மே மாத வெயிலில் கறுப்புத் தார்ப்பாய் உலைமூடி மாதிரி ஆகிவிடும் என்பது உறைக்கவில்லை. மதுரை தாண்டி டீ குடிக்க நிறுத்தியபோது மேலேயிருந்து ‘டப்’ என்று ஒரு சத்தம். அவிழ்த்துப் பார்த்தால் உடுக்கையின் ஒரு பக்கத் தோல், விளிம்போடு நகம் கீறியதுபோல அரை வட்டத்துக்குப் பிளந்திருந்தது. அந்த விளிம்பைத் தொட்டுப் பார்த்தேன், அப்பளம் போல மொறமொறப்பாக இருந்தது. அன்றிலிருந்து தோல் எதுவும் வண்டிக்கு மேலே போகக் கூடாது என்று எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

பத்தடி வில் வேனுக்குள் நடைபாதையில் நீளவாக்கில் கிடக்கும். முனைகளில் பழைய வேட்டியைச் சுற்றுங்கள். மணிகளைக் கழற்றித் தனியாக எடுத்துச் செல்ல முடிந்தால் நல்லது, கொண்டை ஊசி வளைவுகளில் அவை ஒன்றோடொன்று மோதிக்கொண்டே வரும். புறப்படும்போது நாணைத் தளர்த்திவிடுங்கள். உடுக்கையின் இடைக் கயிற்றையும் இளக்கிவிடுங்கள். தவிலில் திருகாணி போட்ட இரும்பு வளையம் என்றால் இரண்டு பக்கமும் சமமாகத் தளர்த்துங்கள், ஒரு பக்கம் மட்டும் தளர்த்தினால் தோல் கோணிக்கொள்ளும். எத்தனை சுற்று தளர்த்தினோம் என்று ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்வது நல்ல பழக்கம்.

மேலே போனதும் எல்லோருக்கும் கை பரபரக்கும், உடனே கட்டி ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கத் தோன்றும். கூடாது. மூட்டைகளை அவிழ்த்து, அறையில் சுவரைத் தொடாமல், தரையிலும் படாமல், ஒரு பெஞ்சிலோ கட்டிலிலோ தளர்ந்த நிலையிலேயே வைத்துவிட்டு நீங்கள் குளித்துத் தூங்குங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மேல், குளிர் இறங்கிய பிறகு, வெளியே கொண்டுபோய்க் கட்டுங்கள். அரை மணி நேரம் வாசியுங்கள். எவ்வளவு இறங்குகிறது, எத்தனை நிமிடத்தில் இறங்குகிறது என்று கவனியுங்கள். அந்த அரை மணி நேரம்தான் உங்களுக்கு உண்மையான ஒத்திகை. முடிந்தால் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு, கோடை மழை பெய்த ஒரு சாயங்காலம் கீரிப்பாறைப் பக்கமோ பேச்சிப்பாறைப் பக்கமோ சொந்தக்காரர் வீடு இருந்தால் வாத்தியங்களோடு போய் இரண்டு மணி நேரம் வாசித்துப் பாருங்கள். கொடைக்கானலின் குளிர் அங்கே இருக்காது. ஆனால் ரப்பர் தோட்டத்து ஈரத்தில் எந்தத் தோல் முதலில் படுக்கும் என்று தெரிந்துவிடும். அதற்கு மாற்று ஒன்றைக் கையோடு கொண்டுபோகலாம்.

இனி சூடு காட்டும் விஷயம். இதில்தான் நல்ல வாத்தியங்கள் பல வீணாகின்றன. ஊர்க் கோயிலில் ஓலையைக் கொளுத்தி உறுமியையும் உடுக்கையையும் காய்ச்சுகிறோம். விழா நடக்கும் பூங்காவில் தீ மூட்ட விடமாட்டார்கள், அது ஒரு வகையில் நல்லதுதான். நனைந்த தோலுக்கும் ஈரம் குடித்த தோலுக்கும் வித்தியாசம் உண்டு. மழைத்துளி பட்டு நனைந்த, பதனிடாத பச்சைத் தோல், ஏறக்குறைய 60 டிகிரிச் சூட்டிலேயே நெருப்பில் போட்ட இறைச்சித் துண்டு போலச் சுருண்டுகொள்ளும். அப்படிச் சுருண்டது மறுபடி விரியாது. அதனால் நனைந்திருந்தால் முதலில் பருத்தித் துணியால் ஒற்றி, நிழல் காற்றில் உலரவிடுங்கள். தொட்டால் ஈரம் தெரியாத நிலைக்கு வந்த பிறகே சூடு. அதற்கும் ஒரு பழைய மரப்பெட்டிக்குள் 60 வாட் குண்டு பல்பு ஒன்று எரியட்டும், தோலுக்கும் பல்புக்கும் இரண்டு சாண் இடைவெளி இருக்கட்டும், பெட்டி மூடி கொஞ்சம் திறந்திருக்கட்டும். மேடைக்குப் பின்னால் மின்சார இணைப்பு ஒன்று வேண்டும் என்று ஏற்பாட்டாளர்களிடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுங்கள். முடி உலர்த்தும் கருவியையும் பயன்படுத்தலாம், ஆனால் கையை விளிம்பில் வைத்துக்கொண்டே காட்டுங்கள். உங்கள் கை பொறுக்காத சூட்டைத் தோலும் பொறுக்காது.

தவில்காரர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விரல்களில் போடும் கூடு பசை தோய்த்த துணியில் செய்தது. பனியில் அது நமுத்துப்போனால் வலந்தலையில், அதாவது விரலால் வாசிக்கும் பக்கத்தில், தெறிப்பே வராது. இரண்டு செட் கொண்டுபோய், மூடி இறுக்கமான டப்பாவில், வறுத்து ஆறவைத்த ஒரு பிடி அரிசியைத் துணியில் முடிந்து கூடவே போட்டு வைக்கட்டும்.

நாயனம் சேராத காரணம் வேறு. அதற்கும் ஈரத்துக்கும் அதிகச் சம்பந்தமில்லை, குளிர்தான் காரணம். காற்றில் ஒலி ஓடும் வேகம் வெப்பம் ஒரு டிகிரி குறைந்தால் நொடிக்கு 0.6 மீட்டர் அளவு குறைகிறது. நம் ஊர் மே மாத இரவு 29 டிகிரி என்றும் கொடைக்கானல் இரவு 13 டிகிரி என்றும் வைத்துக்கொண்டால் 16 டிகிரி வித்தியாசம். ஒலியின் வேகம் கிட்டத்தட்ட 349 மீட்டரிலிருந்து 339 மீட்டருக்கு இறங்குகிறது. நாயனத்துக்குள் இருக்கும் காற்றுத்தூண் அதே நீளம்தான், ஆகவே சுருதியும் அதே விகிதத்தில், சுருதிக் கணக்கில் ஏறக்குறைய கால் கட்டை இறங்கிவிடுகிறது. மின் சுருதிப் பெட்டிக்குக் குளிர் தெரியாது, அது தன் இடத்திலேயே நிற்கும். இரண்டுக்கும் நடுவில் உங்கள் நாயனக்காரர் எவ்வளவுதான் உதட்டை இறுக்கிப் போராடுவார்?

வாசிக்க வாசிக்க மூச்சின் சூட்டில் உள்ளே இருக்கும் காற்று வெதுவெதுப்பாகிச் சுருதி கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். தனி ஆவர்த்தனம் நடக்கும்போது நாயனத்தைக் கீழே வைத்தால் மறுபடி இறங்கும். ஆகவே மேடையேறுவதற்குப் பத்து நிமிடம் முன்பே மெல்ல ஊதிக்கொண்டிருக்கச் சொல்லுங்கள். வாசிக்காத நேரத்தில் கருவி சால்வைக்குள் நெஞ்சோடு ஒட்டி இருக்கட்டும். சுருதிப் பெட்டியில் நுண்ணிய அளவில் இறக்கும் திருகு இருந்தால் அதை நாயனத்துக்கு ஏற்பக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். நாயனத்துக்குப் பெட்டி இறங்கி வரலாம், தவறில்லை. வில்லுப்பாட்டின்போது ஆர்மோனியம் இருக்கிறதென்றால் அந்த நேரத்தில் நாயனம் சேர வேண்டாம். ஆர்மோனியத்தின் உலோக நாக்குகளின் சுருதி குளிருக்கு அவ்வளவாக மாறுவதில்லை. நாயனத்தில் செருகி ஊதும் சீவாளி வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கொண்டுபோங்கள்.

குடத்துக்கும் இதே கணக்குத்தான். பாளை மட்டையால் வாயில் அடிக்கும்போது எழும் அந்தக் ‘கும்’ குடத்துக்குள் இருக்கும் காற்றின் ஒலி, ஆகவே அதுவும் குளிரில் கொஞ்சம் இறங்கும். கேட்பவர்களுக்குத் தெரியாது, அடிக்கிறவர் திடுக்கிடாமல் இருந்தால் போதும். குடத்துக்கு உண்மையான ஆபத்து வழியில்தான். உள்ளே வைக்கோல் அடைத்து, வெளியே பழைய சேலை சுற்றி, ஒருவர் மடியில் வைத்துக்கொண்டு வர வேண்டும். குடம் ஒன்றுக்கு இரண்டாக எடுத்துப் போங்கள். மலையில் அந்த அளவுக் குடம் தேடி அலைய முடியாது.

வில்லைப் பற்றி ஒரு வார்த்தை. நாண் தொய்ந்தால் அதில் அடிக்கும் வீசுகோல் துள்ளாது, வீசுகோல் துள்ளாவிட்டால் மணி கொஞ்சாது, பிறகு கதைக்கு உயிர் ஏது? தோல் நாணாக இருந்தால் ஒரு கதைப் பகுதி முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் அதை மறுபடி இழுத்துக் கட்டுவதற்கு ஒருவரைப் பழக்கி வையுங்கள். அந்த நேரம் அப்பா பேச்சில் கதையை நடத்தட்டும். வில்லிசையில் பேச்சுக்கு எப்போதும் இடம் உண்டு, கதையை நடத்தும் அண்ணாவிக்கு அது கைவந்த கலைதான்.

ஆட்களுக்கும் கொஞ்சம் கவனிப்பு வேண்டும். கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் நம் ஊரில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. நீண்ட வரியை ஒரே மூச்சில் பாடுகிறவர்களுக்கும் நாயனக்காரருக்கும் முதல் நாள் மூச்சு சீக்கிரம் முடியும், அதற்கும் வெள்ளிக்கிழமை ஓய்வு உதவும். மலைப்பாதை வாந்திக்கு மாத்திரை போடுகிறவர்கள் அன்றே பாடக் கூடாது, அதில் பல மாத்திரைகள் தூக்கத்தையும் தொண்டை வறட்சியையும் கொடுக்கும். கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பிக்கு வீட்டிலிருந்தே பொடி கொண்டுபோங்கள். சொந்தமாகச் சமைப்பதாக இருந்தால் குக்கர் அவசியம். அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பானையில் சோறு வேக நேரமாகும். மேடையில் இரண்டு மணி நேரம் தரையில் உட்காருகிறீர்கள், ஜமுக்காளத்துக்கு அடியில் ஒரு தார்ப்பாய் விரித்தால் ஈரம் ஏறாது.

நிகழ்ச்சி நேரத்தைக் கேட்டு வாங்க முடியுமானால் காலை பதினொரு மணியை ஒட்டிக் கேளுங்கள். மே மாதத்தில் மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் வரும், சாயங்காலம் பனி. காலைதான் தோலுக்கு நல்ல வேளை. மலர்க் கண்காட்சிக்கு வருகிற கூட்டமும் பகலில்தான் பூங்காவில் இருக்கும்.

இனி செவ்வாய்க்கிழமைக் கொடையைப் பற்றி. ஞாயிறு இரவே மலையிறங்கி, அதே தளர்ந்த நிலையில் திங்கட்கிழமை காலை வீடு சேருங்கள். வந்ததும் வெயிலில் காயவைக்காதீர்கள், திண்ணையில் காற்றோட்டமான நிழலில் திங்கள் முழுவதும் கிடக்கட்டும். செவ்வாய் மதியத்துக்கு முன் எதையும் இறுக்காதீர்கள். மேலே ஈரத்தில் மறுபடி மறுபடி இழுத்துக் கட்டிய நாணைக் கொடை முழுவதும் நம்ப வேண்டாம், புதிய நாண் ஒன்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். உடுக்கையில் சந்தேகம் இருந்தால் திங்கட்கிழமை காலையிலேயே தெரிந்த மூட்டுக்காரரிடம் கொடுத்துவிடுங்கள், செவ்வாய் உச்சிப்பூசைக்குள் கைக்கு வந்துவிடும்.